ஏர்பேக் இல்லாத வண்டியை ‘குடும்பத்துக்கு ஏற்ற கார்’ என்று விற்றார்கள்: ஏழு மாதச் சம்பளம் போச்சு

கை நடுங்குகிற கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். செகண்ட் ஹாண்ட் கார் தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு தேடுபவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கார்களைச் சோதித்து, சான்றிதழோடு விற்கும் ஆன்லைன் தளம் அது. பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. எங்களுடைய ஏழு மாதச் சம்பளம் அங்கே போயிருக்கிறது. என் சம்பளமும் என் கணவர் சம்பளமும் சேர்த்து, ஒரு பைசா செலவு கழிக்காமல், முழு ஏழு மாதம்.

எனக்குக் கார் ஓட்டுவது உயிர். கியரை நானே மாற்றி ஓட்ட வேண்டும், வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி தயங்காமல் திரும்ப வேண்டும். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: இனிமேல் உயரமான, மெத்தென்று போகிற பெரிய வண்டியாகப் பார், ஆசையெல்லாம் போதும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பின்சீட்டில் இரண்டு குழந்தை சீட், நடுவில் மாமியார், டிக்கியில் தள்ளுவண்டி. இவ்வளவும் அடங்கி, ஓட்டுவதற்கும் நன்றாக இருக்கிற கார் கிடைக்காத பொருள் கிடையாது. 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி இரண்டே சீட் உள்ள வண்டிகள் எங்களுக்கு ஆகாது. ஆனால் 1976இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ காட்டிய வழி ஒன்று இருக்கிறது: சாதாரணக் குடும்ப ஹேட்ச்பேக், அதில் கொஞ்சம் வேகமான எஞ்ஜின், கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன். அந்த வகையில் பல கம்பெனிகளும் பிறகு கார் போட்டிருக்கின்றன. புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது. கார் விலை முதல் சில வருடங்களில்தான் மளமளவென்று இறங்கும் என்பதால், பழையதாகப் பார்த்தால் நம் கைக்கு எட்டும். கணக்கு சரிதான். இப்போதும் அந்தக் கணக்கு சரி என்றுதான் சொல்வேன்.

அப்படித் தேடியபோது இந்த வண்டி கண்ணில் பட்டது. மாடலைச் சொல்லவில்லை, குறை அந்த மாடலில் இல்லை. ஆறு கியர் மேனுவல், சின்ன டர்போ எஞ்ஜின், ஐந்து கதவு. ஒரே ஓனர், விபத்து இல்லை என்று போட்டிருந்தார்கள். கீழே ‘200க்கும் மேற்பட்ட சோதனைகள்’ என்று பக்கம் பக்கமாகப் பச்சை டிக். பிரேக் டிக், சஸ்பென்ஷன் டிக், சேஸிஸ் டிக், ஏர்பேக் டிக். அந்த ஏர்பேக் டிக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்கப் போனோம். எங்களுக்காக நின்றிருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், அவ்வளவு மரியாதை. என் கணவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: “தம்பி, ஆக்சிடெண்ட் ஆன வண்டியா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நாங்க வேற பாத்துக்கறோம்.” அவன், “சார், அடிபட்ட வண்டிய நாங்க உள்ளயே எடுக்க மாட்டோம். ரிப்போர்ட் இருக்கு பாருங்க” என்று டேப்லெட்டை நீட்டினான்.

அப்புறம் நடந்ததுதான் எங்களை முழுதாக நம்ப வைத்தது. எங்கள் பழைய வண்டியில் இருந்த குழந்தை சீட் இரண்டையும் அவனே தூக்கிக்கொண்டு வந்தான். பின்சீட்டில் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் ஐசோஃபிக்ஸ் கொக்கிக்கான (பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை நேராக வண்டியோடு மாட்டுகிற கொக்கி) கம்பி இருக்குமே, அதைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, சீட்டைத் தள்ளி ‘டக்’ என்று மாட்டினான். பச்சை அடையாளம் வந்ததா என்று குனிந்து பார்த்தான். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக் காட்டி, “பாருங்க மேடம், அசைய மாட்டேங்குது. பிள்ளைங்க விஷயத்துல நாங்க விட்டுக்கொடுக்கவே மாட்டோம்” என்றான். என் மகளை அவனே தூக்கி உட்கார வைத்தான். நடுவில் மாமியார் உட்கார்ந்து பார்த்து, தோள் இடிக்கவில்லை என்றார். ஒரு வண்டியின் பின்சீட்டை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவர்கள் முன்சீட்டில் வெடிகுண்டு மாதிரி ஒரு பொய்யை வைத்திருப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

ஓட்டியும் பார்த்தேன். இரண்டாவது கியரில் அந்த இழுப்பு, வளைவில் அந்த ஒட்டுதல், கிளட்ச் கச்சிதம். நாங்கள் போகும்போதே எஞ்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசி போட்டு வைத்திருப்பதாகச் சொன்னான். அன்றைக்கே முன்பணம், அடுத்த வாரம் மீதி. ஏழு மாதச் சம்பளம் கைமாறியது.

வண்டி வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் இடப்பக்கம் போகிறது என்று கவனித்தேன். முன்பக்க இடது டயரின் உள்விளிம்பு மட்டும் தேய ஆரம்பித்திருந்தது. அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கிற கோணம்) பார்த்துத் தரச்சொல்லி எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். வயதானவர், அதிகம் பேச மாட்டார். மெஷினில் வைத்து எவ்வளவு திருகியும் அளவு உள்ளே வரவில்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, விளக்கைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். “அம்மா, இங்க வாங்க” என்றார்.

கம்பெனியில் தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்ட வைக்கிற ஸ்பாட் வெல்டிங் ஒரே இடைவெளியில், ஒரே அளவில், சின்னச் சின்னப் பள்ளமாக வரிசையாக இருக்கும். வலப்பக்கம் அப்படித்தான் இருந்தது. இடப்பக்கம் ஏப்ரனில் (முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற உள்பக்கத் தகடு), எஞ்ஜினைத் தாங்குகிற நீளச் சட்டத்தில், மெழுகு வழிந்த மாதிரி ஒரு வெல்டிங். அதன் மேல் கறுப்பு அடித்து மறைத்திருந்தார்கள். ஃபெண்டர் (முன்சக்கரத்தை மூடுகிற வெளித்தகடு) போல்ட்டுகளின் முனைகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது, ஸ்பேனர் பட்ட அடையாளம். முன்பக்கம் மொத்தமாக நொறுங்கி, டிங்கரிங் செய்து ஒட்டிய வண்டி.

அவர் அதோடு விடவில்லை. வண்டியைக் கீழே இறக்கிச் சாவியைப் போட்டார், ஸ்டார்ட் செய்யவில்லை. டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தன. “இந்த ஏர்பேக் விளக்கைப் பாத்துக்கிட்டே இருங்க” என்றார். நல்ல வண்டியில் அந்த விளக்கு சில நொடி எரிந்து, எஞ்ஜினை ஸ்டார்ட் செய்யாவிட்டாலும், தானாக அணைந்துவிடும். ஏர்பேக் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற நேரம் அது. எங்கள் வண்டியில் அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. அவர் ஸ்டார்ட் செய்தார். ஆயில் விளக்கும் ஏர்பேக் விளக்கும் ஒரே நொடியில் சேர்ந்து அணைந்தன.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். விபத்தில் ஏர்பேக் வெடித்தால் அதன் கம்ப்யூட்டர் மோதல் விவரத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு, விளக்கை அணையவே விடாது. அதைச் சரிசெய்ய செலவு அதிகம். அதனால் அந்த விளக்கின் ஒயரைக் கொண்டுபோய் ஆயில் விளக்கோடு சேர்த்துவிட்டார்கள். சாவி போட்டால் எரியும், எஞ்ஜின் ஓடினால் அணையும். பார்க்கிறவன் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வான். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினார், மோதல் பதிவு அப்படியே இருந்தது. அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்து, ஸ்டீயரிங் நடுவில் இருக்கிற ஹாரன் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே மடித்து வைத்த பையும் இல்லை, அதை ஊதுகிற கருவியும் இல்லை. காலி. மூடி மட்டும் புதிது. டிரைவர் பக்க சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து அதன் லேபிளைப் பார்த்தோம். வண்டியைவிட மூன்று வருடம் பழைய பெல்ட். எதோ உடைசல் வண்டியிலிருந்து பிடுங்கி மாட்டியிருக்கிறார்கள்.

இந்த வண்டியில் என் குழந்தைகளைப் பின்னால் உட்கார வைத்து, ஹைவேயில் ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வரவில்லை.

சரி, போன் செய்தேன். அந்தப் பையன் முதல் தடவை எடுத்தான். “அலைன்மெண்ட்தான் மேடம், சரி பண்ணிடலாம்” என்றான். ஏர்பேக் இல்லை என்றதும் லைன் கட். அதற்குப் பிறகு அவன் எடுக்கவே இல்லை. வாடிக்கையாளர் சேவையில், புகார் பதிவாகிவிட்டது, 72 மணி நேரத்தில் கூப்பிடுவோம் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டால், தீர்ந்ததாகச் சொல்லிப் புகாரை மூடியிருந்தார்கள். மறுபடி திறந்தால் வேறு ஒருவர், மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். வாரண்டி எஞ்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தானாம், ஏர்பேக் அதில் வராதாம். திருப்பிக் கொடுக்கிற காலம் முடிந்துவிட்டதாம். எப்படி முடிந்தது? வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணவில்லை, முழுப் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பாதி நாள் வண்டி அவர்களிடமே நின்றிருந்தது! விளம்பரத்தில் ‘எங்கள் கார்கள்’ என்பார்கள், ஒப்பந்தத்தில் ‘நாங்கள் இடையில் நிற்பவர்கள் மட்டுமே’ என்று இருக்கிறது. பழைய ஓனர் யார் என்று கேட்டால், தனிப்பட்ட விவரம், தர முடியாது. ஏர்பேக் டிக் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு எழுத்திலேயே பதில் வந்தது: “சோதனையின்போது எச்சரிக்கை விளக்கு எரியவில்லை.” இருக்கிறதா என்று பார்க்கவில்லை. விளக்கு எரியவில்லை, அதனால் டிக். இப்படி எத்தனை டிக் போட்டிருப்பார்கள்?

கடைசியாக ஒரு ‘மேலதிகாரி’ பேசினார். இலவச சர்வீஸ் கூப்பன் தருகிறோம், நீங்கள் போட்டிருக்கிற மதிப்புரையை எடுத்துவிடுங்கள் என்றார். ஏழு மாதச் சம்பளத்துக்குக் கூப்பன்! ஏர்பேக், பெல்ட், கம்ப்யூட்டர் எல்லாம் புதிதாகப் போட்டால் வண்டி விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்கிறார் மெக்கானிக், அப்போதும் வெல்டிங் வைத்து ஒட்டிய அந்த நீளச் சட்டத்தை நம்பிப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள் என்கிறார். மதிப்புரையை எடுக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விற்பவர் தரும் ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டு, உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், லிஃப்டில் ஏற்றிப் பார்க்க விடமாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம். எஞ்ஜின் ஆறியிருக்கும்போதுதான் பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சூடான எஞ்ஜினில் முதல் ஸ்டார்ட் புகையும் சத்தமும் தெரியாது. ஸ்கேனர் போட்டால் ‘கோளாறு இல்லை’ என்று வருவதோடு நிறுத்தாதீர்கள், வண்டியின் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்கிற சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நிறைய சோதனை முடியாமல் நின்றால், கொஞ்சம் முன்புதான் யாரோ கோளாறுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சேஸிஸ் நம்பர் 17 எழுத்து, வண்டியில் அடித்திருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி என்கிறவர்களிடம் பெடல் ரப்பர் ஏன் புதிது என்று கேளுங்கள். ‘விபத்து இல்லை’ என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். இன்னும் நிறைய இருக்கிறது, இப்போது முடியவில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், அந்த ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். எரியவே இல்லை என்றாலும் பிரச்சினை, ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தாலும் பிரச்சினை. இதே மாதிரி சான்றிதழ் தளத்தில் வாங்கி இதே நிலையில் இருப்பவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வக்கீல், ஒரே மாதிரிப் புகார்கள் சேர்ந்தால் வழக்கு வலுவாகும் என்கிறார்.