30 லிட்டர் தொட்டியில் 3 ஆண்டுகள்: நெரைட் நத்தையை ஏன் பரிந்துரைக்க முடியவில்லை

சென்ற வாரம் நண்பர் ஒருவர் 45 செ.மீ. நீளமுள்ள சிறிய மீன் தொட்டி ஒன்றை வாங்கிவிட்டு, அதில் எந்தெந்த மீன்களையும் இறால்களையும் சேர்த்து வளர்க்கலாம் என்று கேட்டார். அதே அளவுத் தொட்டியைச் சென்னையில் 3 ஆண்டுகளாக வைத்திருப்பதால் உடனே ஒரு பட்டியல் எழுத உட்கார்ந்தேன். எம்பர் டெட்ரா என்ற சின்ன மீன், செர்ரி இறால், ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடி என்று மூன்று பெயர்கள் தடையின்றி வந்தன. நான்காவதாக, பாசியைத் தின்னும் நெரைட் நத்தை என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எழுதுவதா அடிப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த யோசனையைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய தொட்டிக்கு உயிர்களைத் தேர்ந்தெடுக்கும்போது எது எதைக் கடிக்கும் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் தண்ணீரைப் பார்க்கச் சொல்வேன். எங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள உப்புகளின் அளவு, 700 அளவில் இருக்கும். ஒரு பங்கு போர்வெல் தண்ணீருடன் இரண்டு பங்கு ஆர்ஓ தண்ணீரைக் கலந்து 250க்குக் கொண்டுவருகிறேன். தொடக்கத்தில் நான் ஆசைப்பட்டது சில்லி ரஸ்போரா மீனுக்கு. ஆனால் அது போர்னியோவின் கரிச்சதுப்பு நிலங்களில், மிக மென்மையான, அமிலத்தன்மையுள்ள நீரில் வாழ்வது. அதற்காக நீரை மாற்றினால் இறாலுக்குத் தோல் உரிப்பதில் சிக்கல் வரும், நத்தைக்கோ ஓடு அரிக்கும். 2006ல் மியான்மரில் கண்டறியப்பட்ட செலஸ்டியல் பேர்ல் டானியோவுக்கு நம் கடின நீர் ஒத்துவரும். ஆயினும் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வாழும் அந்த மீனை, மே மாதத்தில் 32 டிகிரியைத் தொடும் தொட்டியில் விட எனக்கு மனம் வரவில்லை. இவை இரண்டையும் விலக்கிய பிறகுதான் 10 எம்பர் டெட்ராக்களும் 12 செர்ரி இறால்களும் வந்தன.

அந்தத் தேர்வில் எனக்கு முழுத் திருப்தி. எம்பர் டெட்ரா 2 செ.மீ. அளவே வளரும், அதன் வாய்க்குள் வளர்ந்த இறால் போகாது. அப்போதுதான் பொரித்த குஞ்சுகளில் சிலவற்றைத் தின்னும் என்பது உண்மைதான். ஜாவா மாஸ் அடர்ந்திருந்தால் எஞ்சியவை பிழைத்துக்கொள்ளும், வடிகட்டியாக ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் குஞ்சுகள் உறிஞ்சப்படாமலும் இருக்கும். பெண் இறால் வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில் தாயின் சிறிய வடிவமாகவே குஞ்சுகள் வெளிவருவதைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொட்டியை வைத்திருக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால், தாமிரம் கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது, இறால்களும் நத்தைகளும் அதைத் தாங்காது.

இனி நத்தைக்கு வருகிறேன். நான்காம் மாதத்தில் கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்ந்தபோது, கடைக்காரர் ஒருவர் சக்கர் மீன் குஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஓர் அடிக்கு மேல் வளரும் மீனை 30 லிட்டரில் போடச் சொல்வது எனக்கு இன்றும் கோபமூட்டும் செயல். அதைத் தவிர்த்து வரி நெரைட் நத்தைகள் இரண்டை வாங்கினேன். வேலையைப் பொறுத்தவரை அவற்றுக்கு இணையாக நான் எதையும் பார்த்ததில்லை. பத்தே நாளில் கண்ணாடி துலங்கியது, செடிகளில் ஓர் இலையும் சேதமாகவில்லை. இறால்களை அவை கண்டுகொள்வதேயில்லை, மீன்களும் அவற்றை அண்டுவதில்லை. நன்னீரில் இனம் பெருகாது என்பதால் தொட்டி நத்தைமயமாகும் அச்சமும் கிடையாது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால், சிறிய தொட்டிக்கு இதைவிட இணக்கமான உயிர் இல்லை.

ஆனால் பெருகாது என்பதற்கு முட்டையிடாது என்று பொருளில்லை. யாரும் எனக்குச் சொல்லாத செய்தி இதுதான். பொரிந்து வரும் நுண்ணிய இளவுயிரிகளுக்கு உப்புக் கலந்த நீர் தேவை என்பதால் அவை பிழைப்பதில்லை, அவ்வளவே. முட்டைகள் வந்துகொண்டே இருக்கும். எள்ளின் அளவுள்ள வெண்ணிறக் கூடுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் பல கருக்கள். தாய் நத்தை தன் உடலில் சேர்த்து வைத்த மணல் துகள்களைக் கொண்டு அந்தக் கூட்டின் மேலுறையை வலுப்படுத்துகிறது என்று பின்னர் படித்தபோதுதான், ஏன் அவை சிமென்ட் போல ஒட்டிக்கொண்டிருந்தன என்று விளங்கியது. என் தொட்டியின் நடுவில் கருமையான மரக்கட்டை ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் அலைந்தேன். இரண்டே மாதத்தில் அது வெள்ளைப் புள்ளிகளால் நிறைந்துவிட்டது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டினேன், கட்டையை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றி ஒரு வாரம் வெயிலில் காயவைத்தேன். மேல்பகுதி உடைந்து விழுகிறதே தவிர, அடியிலுள்ள வெள்ளை வளையம் அப்படியே தங்கிவிடுகிறது. கண்ணாடியில் இருப்பவற்றைப் பிளேடால் எடுத்துவிடலாம். அனுபியாஸ் செடியின் இலையில் இருப்பவற்றை எடுக்கப்போனால் இலை கிழிகிறது. தொட்டியின் முன் உட்கார்ந்தால் கண் இறால்களிடம் போவதற்கு முன் அந்தப் புள்ளிகளை எண்ணத் தொடங்கிவிடுகிறது.

நத்தையின் மீது பழிபோடுவது நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். அது தன் இயல்பைச் செய்கிறது. நெரைட்டுகளில் ஆண் வேறு, பெண் வேறு. வெளித்தோற்றத்தில் அதை அறிய முடியாது. ஆகவே இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிச் சாடிகளில், தொட்டித் தண்ணீரும் பாசி படிந்த ஒரு கல்லும் போட்டு, இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு சாடியில் ஒன்பது முட்டைக் கூடுகள், மற்றதில் எதுவுமில்லை. பெண் நத்தையை மரமும் செடியும் இல்லாத சிறு கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினேன். ஓர் ஆண்டாகப் பெரிய தொட்டியில் புதிதாக ஒரு புள்ளியும் விழவில்லை. கண்ணாடி முன்போலவே தெளிவாக இருக்கிறது. மீதமுள்ள அந்த ஒற்றை நத்தைதான் என் தொட்டியின் மிகச் சிறந்த உயிர் என்று தயங்காமல் சொல்வேன்.

இதோடு ஒப்பிட, எல்லோரும் தொல்லை என்று தூக்கியெறியும் ராம்ஸ்ஹார்ன் நத்தையை நினைத்துப் பார்க்கிறேன். செடியோடு தானாக வந்து சேர்ந்த அது பெருகத்தான் செய்கிறது. ஆனால் அதன் முட்டைகள் பசை போன்றவை, விரலால் துடைத்தால் போய்விடும். தீவனத்தைக் குறைத்தால் எண்ணிக்கையும் குறையும். பாசியைத் தின்பதில் நெரைட்டின் பாதி வேகம்கூட அதற்கு இல்லை. இருந்தும் என் கட்டையில் அது ஒரு தழும்பையும் விட்டுச் செல்லவில்லை.

ஆகவே நண்பருக்கு அனுப்பிய பட்டியலில் நான்காவது பெயரை அடித்துவிட்டேன். கடையில் ஆணைப் பொறுக்கி எடுக்க வழியில்லை, வாங்கிவந்து சோதிக்கச் சாடிகளும் பொறுமையும் வேண்டும், பெண்ணாக அமைந்தால் அதற்கென்று இன்னொரு தொட்டியும் வேண்டும். முதல் தொட்டி வைப்பவரிடம் இவ்வளவையும் கேட்க முடியாது. கண்ணாடிப் பாசிக்கு வாரம் ஒருமுறை ஏடிஎம் அட்டை போதும் என்று எழுதினேன். மரக்கட்டை இல்லாமல் வெறும் மணலும் கூழாங்கல்லும் மட்டும் வைப்பதாக இருந்தால் தனியாக என்னைக் கேட்கும்படியும், அப்போது என் பதில் வேறு என்றும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறேன்.