அச்சா, பின்னலா, தையலா: பிள்ளைகள் கூட்டத்துக்கு எந்தத் தோல் வேலை?

ஒரு பிள்ளைக்குத் தோல் வேலை சொல்லிக்கொடுப்பது வேறு, பன்னிரண்டு பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது வேறு. ஒருவர் மட்டும் என்றால் வேலை எவ்வளவு கடினம் என்று பார்த்தால் போதும். கூட்டம் என்றால் யார், எதற்காக, எவ்வளவு நேரம் சும்மா காத்திருக்க வேண்டிவரும் என்று பார்க்க வேண்டும். கை சும்மா இருக்கிற பிள்ளைதான் பக்கத்துப் பிள்ளையின் வேலையைக் கெடுக்கும். அச்சு பதித்த சாவிவளையம், பின்னிய கைப்பட்டை, தைத்த சில்லறைப் பை என்று வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் மூன்றையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

அதற்கு முன் தோலைப் பற்றி. அச்சு பதிக்க, அதாவது எழுத்து அச்சைத் தோல்மேல் வைத்து அடித்துத் தடம் விழச் செய்ய, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும். கடையில் வெஜ் டான் என்று கேட்டால் தெரியும். குரோம் உப்பில் பதனிட்ட மெத்தென்ற தோலில் எவ்வளவு அடித்தாலும் அச்சு நிற்காது, சற்று நேரத்தில் மேலெழும்பிவிடும். சந்தேகமாக இருந்தால் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: குரோம் தோலில் நடுப்பகுதி பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருக்கும், மற்றது வெளிர் பழுப்பு. சாயம் ஏற்றாத பழுப்புத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சிக் கறுக்கும்.

சாவிவளையத்துக்கு 2.5 முதல் 3 மி.மீ. கனமுள்ள துண்டு போதும். ஈரப் பஞ்சால் துடைத்து, கறுத்த நிறம் வெளிறத் தொடங்கும்வரை பொறுக்க வேண்டும். கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அவசரப்பட்டுச் சொதசொதவென்று இருக்கும்போதே அடித்தால் எழுத்து குழைந்துபோகும். அடியில் கனமான கருங்கல் பலகை, கையில் மரக் கொட்டாப்புளி. இரும்புச் சுத்தியல் அச்சின் தலையை நசுக்கிவிடும், விரலில் பட்டால் வலியும் அதிகம்.

பத்தே நிமிடத்தில் கையில் ஒரு பொருள் வந்துவிடுகிறது, அதில் தன் பெயரும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தொல்லை எழுத்துத் தொகுப்பில்தான். ஒரு தொகுப்பில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஓர் அச்சு மட்டுமே இருக்கும். ‘ஏ’ இல்லாத பெயர் நம்மில் எத்தனை? ஒரு பிள்ளை அதை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும், மூன்று பேர் கையை நீட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த நெருக்கடியில் ‘எம்’ தலைகீழாக விழுந்து ‘டபிள்யூ’ ஆகும், அதை அழிக்கவும் முடியாது. ஆறு கொட்டாப்புளிகள் சேர்ந்து அடித்தால் எழும் சத்தம் தனி.

நான் கண்ட மாற்று, பெயரை விட்டுவிட்டு முதலெழுத்தை மட்டும் பதிக்கச் சொல்வது. மீதி இடத்தை வீட்டிலேயே கிடைப்பவற்றால் நிரப்பலாம்: திருகாணித் தலை, நட்டு, நட்சத்திரத் திருப்புளியின் முனை. ஆளுக்கு ஒன்று கிடைத்துவிடும், வரிசையும் கலையும். ஆனால் இரும்புச் சாமானை ஈரத் தோல்மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மரப்பட்டைச் சாற்றிலிருந்து தோலில் ஏறிய டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தால் கருநீலக் கறை படியும், துடைத்தால் போகாது.

பின்னிய கைப்பட்டைக்குக் கருவி என்று எதுவும் வேண்டாம். காத்திருப்பும் கிடையாது, சத்தமும் கிடையாது. பார்த்தால் இதுதான் கூட்டத்துக்கு ஏற்றது போலத் தோன்றும். எந்தப் பின்னல் என்பதில்தான் விஷயம். மூன்று தனி வாரை ஒரு முனையில் முடிந்து சடை பின்னுவதுபோல் பின்னுவது எளிது. தலை பின்னத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லித்தரவே தேவையில்லை. இன்னொன்று மாயப் பின்னல். ஒரே பட்டையில் இரண்டு முனையும் மூடியிருக்க, நடுவில் மட்டும் இரண்டு நீளக் கீறல் போட்டு மூன்று புரியாக்கிப் பின்னுவது. மேலே பின்னப் பின்னக் கீழே எதிர்ப்பக்கமாகச் சிக்கல் விழும். ஒரு புரியை இன்னொன்றின்மேல் போடுவது ஒரு மாற்று. மூன்று மாற்றுக்கு ஒருமுறை கீழ்முனையைப் புரிகளுக்கு நடுவே நுழைத்துச் சிக்கலை எடுக்க வேண்டும், ஆறு மாற்றில்தான் ஒரு சுற்று முடியும். செய்து முடித்தால் எப்படி வந்தது என்றே தெரியாது, அதுதான் அதன் அழகு. ஆனால் நடுவில் எண்ணிக்கை தவறிய பிள்ளை நேராக உங்களிடம் வரும். அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் நால்வர் வந்து நிற்பார்கள். காத்திருப்பு இங்கே கருவிக்காக இல்லை, உங்களுக்காக. பத்து வயதுக்குக் கீழே என்றால் சாதாரணச் சடையோடு நிறுத்திக்கொள்வேன்.

சில்லறைப் பை தைப்பதைப் பலர் கடினம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு மூன்றில் இதுதான் பிடித்தது. 1.2 மி.மீ. அளவுள்ள மெல்லிய தோலை மடித்து இரண்டு பக்கம் தைத்தால் பை. இதற்கு எந்தத் தோலும் ஆகும். மொட்டை முனை ஊசியும் மெழுகு தடவிய நூலும் ஆளுக்கு ஒன்று கொடுப்பது பெரிய காரியமில்லை, ஆகவே யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். இரண்டு ஊசி வைத்துத் தைக்கும் சேணத் தையலைச் சொல்லிக்கொடுக்கப் போனால் நூல் சிக்கும். ஒற்றை ஊசியில் கடைசித் துளைவரை நூலோட்டிப் போய், விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தால் பார்க்க அதேபோல்தான் இருக்கும். தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் வெட்டிக்கொடுங்கள். குறைந்தால் நடுவில் ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

இதன் விலையை முந்தின இரவே நீங்கள் கொடுத்துவிட வேண்டும். 8 செ.மீ. பக்கத்தில் 6 மி.மீ. இடைவெளி விட்டால் 14 துளை, இரண்டு பக்கத்துக்கு 28, பன்னிரண்டு பைக்கு 336. மடித்த நிலையிலேயே குத்தினால்கூட அத்தனை அடி. துளையைப் பிள்ளைகளே போடட்டும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கத் துளையும் பொருந்தாவிட்டால் தைக்க உட்கார்ந்த பிறகுதான் தெரியும். ஆனால் அந்த இரவு வேலை செய்துவிட்டால் மறுநாள் ஒரு மணி நேரம் மேசையே அமைதியாகிவிடும். வாலாட்டுகிறவன்கூட நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு துளை தேடுவான்.

ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் இந்த மூன்றும் வேண்டாம். வெட்டிய புத்தக அடையாளப் பட்டையில் அக்ரிலிக் வண்ணம் பூசச் சொல்லுங்கள், சரியாகப்போகும்.

பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் கலந்த கூட்டம் என்றால், எல்லாருக்கும் பையைக் கொடுத்துத் தைக்கச் சொல்லிவிட்டு, அச்சுக் கல்லை மூலையில் ஒன்றே ஒன்று வைப்பேன். தைத்து முடித்தவர் ஒவ்வொருவராக வந்து சாவிவளையத்தில் முதலெழுத்தை அடித்துக்கொள்ளலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் முடிப்பதில்லை என்பதால் அங்கே வரிசை சேராது. கத்தி மட்டும் கடைசிவரை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.