போடிமெட்டு மூடுபனிக்கு ஏற்ற விளக்குகள்
போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு செல்லும் மலைச்சாலைக்காக, என் ஜீப்பின் தயாரிப்பு நிறுவனமே வழங்கும் பனிவிளக்குகளைப் பொருத்தினேன், முழு நிறைவளிக்கின்றன. முகப்பு விளக்கின் உயர் ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி வெண்திரையாகிவிடும் இடத்தில், பம்பரில் தாழ்வாக அமைந்த இவை அகலமாகப் பரவி, சாலையோர வெள்ளைக் கோட்டையும் வளைவின் விளிம்பையும் தெளிவாகக் காட்டுகின்றன. தொலைவைக் காட்டுவது இவற்றின் வேலையன்று. ஆகையால் தாழ் ஒளியுடன் சேர்த்தே எரியவிட்டு, வேகத்தையும் குறைக்க வேண்டும். மெக்கானிக் ரிலே (விளக்குக்கான மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் கருவி), ஃபியூஸ், தனி சுவிட்ச் ஆகியவற்றை வைத்து, சுவரில் ஒளிபாய்ச்சிக் கோணத்தைச் சரிசெய்த பொறுமை பாராட்டுக்குரியது.

கடையில் காட்டிய எல்.இ.டி. விளக்குப் பட்டையை மறுத்துவிட்டேன். தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதைவிட, ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி எதிரே வரும் ஓட்டுநரின் கண் கூசக் கூடாது என்பதே எனக்குப் பெரிது. மூட்டம் விலகியதும் இந்தப் பனிவிளக்குகளையும் அணைத்துவிடுகிறேன். விலை மட்டும் சற்று அதிகம்.