இறங்கிய கார் கதவு: கீலில் பின்னும் புஷ்ஷும் மாற்றிய பிறகான அனுபவம்

ஓட்டுநர் பக்கக் கதவின் இரண்டு கீல்களுக்கும் புதுப் பின் (கீலின் இரண்டு பாதிகளையும் கோக்கும் இரும்புக் கம்பி), புஷ் (பின்னைச் சுற்றித் துளைக்குள் உட்காரும் வெண்கல வளையம்) போட்டுச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. கதவு இன்னும் இறங்கவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் இந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, கதவின் லாக் போய் மாட்டும், காரின் உடலில் உள்ள கொக்கியை மட்டும் கீழே இறக்கிச் சமாளிக்கிறார்கள். அதற்குப் பதில் கீலைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது இரண்டு கதவு கார். இந்த வகைக் கார்களில் கதவு நீளமாக இருக்கும். கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் அமைப்பு எல்லாம் சேர்ந்து எடையும் அதிகம். அந்த எடை மேல் கீலைத் தூணிலிருந்து (கீல்கள் மாட்டியிருக்கும் காரின் செங்குத்துச் சட்டம்) வெளியே இழுக்கும், கீழ்க் கீலைத் தூணை நோக்கி அழுத்தும். கீல்களுக்கு இடையே 40 செ.மீ., கதவின் நீளம் 120 செ.மீ. என்று வையுங்கள். கீலில் வெறும் 1 மி.மீ. ஆட்டம் இருந்தாலே கதவின் பின்விளிம்பு 3 மி.மீ. இறங்கிவிடும். அதனால்தான் கீலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கதவைச் சாத்தும்போது மட்டும் கொக்கியில் இடித்து, உரசி, மேலே ஏறி உட்காரும்.

என் காரில் எனக்கு முன்பே யாரோ கொக்கியை இறக்கி வைத்திருந்தார்கள். லாக் விழுந்தது, ஆனால் கோளாறு அப்படியே இருந்தது. கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருந்தது. மழை பெய்தால் முன்பக்க மேல் மூலையில் தண்ணீர் கசியும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் கதவுக்குள்ளிருந்து 'கடகட' சத்தம். கொக்கியை இறக்கினால் கதவு தவறான இடத்தில் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். தேய்மானம் அதன் போக்கில் நடந்துகொண்டே இருக்கும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். கதவைப் பாதி திறந்து, பின்விளிம்பை இரண்டு கையாலும் மேலே தூக்குங்கள். இன்னொருவர் கீலையே கவனிக்கட்டும். பின் அதன் துளைக்குள் அசைந்தால் புஷ் போய்விட்டது. கீல் மொத்தமாக அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. போல்ட்டைச் சுற்றி பெயின்ட் வெடித்தோ துருக்கோடு விழுந்தோ இருக்கும். தூணின் தகடே நெளிந்தால் அது வெல்டிங் வேலை, அனுபவமுள்ள டிங்கரிங் ஆளிடம் போய்விடுங்கள். என் காரில் அசைந்தது பின்தான்.

வேலை தொடங்கும் முன் கொக்கியை முழுசாகக் கழற்றிவிட வேண்டும். அது இருந்தால் கதவை அதுவே தூக்கிப் பிடித்துக்கொள்ளும், கதவின் உண்மையான இடம் தெரியாது. கதவின் அடியில் ஜாக்கி வைத்து, நடுவில் பலகையும் மடித்த துணியும் கொடுத்துத் தாங்கவைத்தேன். ஒரு நேரத்தில் ஒரு கீல் மட்டும் என்று வேலை செய்தால் கதவைக் கழற்றவே வேண்டாம், ஒயரையும் பிரிக்க வேண்டாம். சில கார்களில் கீலோடு சேர்ந்து அழுத்தமான ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதற்கென்று உள்ள கருவி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து, அந்தக் கருவி இருந்தாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு வைத்திருந்ததால் பின் சுத்தியல் அடிக்கு இளகி வந்தது. வெளியே வந்ததைத் துடைத்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று புரிந்தது. புஷ் உட்கார்ந்த இடத்தில் பின்னின் இடுப்பு சிறுத்திருந்தது. விரல் நகத்தை ஓட்டினால் படியில் தட்டியது. புஷ் ஒரு பக்கம் முழுக்கக் கரைந்து பிறை போல ஆகி, பழைய கிரீஸும் தூசியும் கலந்த கறுப்புக் களிம்போடு துண்டு துண்டாக உதிர்ந்தது. இரும்புப் பின்னைவிட வெண்கலப் புஷ் மென்மையானது. முதலில் அது தேய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். அது கரைந்து முடிந்த பிறகும் ஓட்டினால் இரும்புப் பின் கீலின் துளையையே அறுக்கத் தொடங்கும். துளை நீள்வட்டமாகிவிட்டால் சாதாரண புஷ் நிற்காது. துளையைச் சீராகப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய புஷ் போட வேண்டும். என் கீல்கள் அந்த நிலைக்குப் போகவில்லை.

புதுப் புஷ்ஷை அடித்து இறக்காமல், நீள போல்ட்டும் வாஷரும் வைத்து முறுக்கி இழுத்து உட்காரவைத்தேன். விளிம்பு மடங்காமல் நேராக உட்கார்ந்தது. அப்புறம் கொக்கி இல்லாமலே கதவைச் சாத்தி இடைவெளியைப் பார்த்தேன், மேலும் கீழும் ஒரே அளவு. கடைசியாகக் கொக்கியைத் தளர்வாக மாட்டி, கதவை மெதுவாகச் சாத்தி, லாக் இழுக்கும் இடத்தில் அதை நிற்கவிட்டு முறுக்கினேன்.

கீலின் நடுவே மரக்கட்டை வைத்துக் கதவை அழுத்தி நிமிர்த்தும் ஒரு வழக்கமும் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பின்னில் ஆட்டம் அப்படியே இருக்க, கீலோ தூணோ வளையும். பிறகு புதுப் புஷ் போட்டாலும் கதவு சரியான இடத்துக்கு வராது.

சரி, இத்தனை காலம் ஓட்டியதில் என்ன தெரிந்தது? 'கடகட' சத்தம் அன்றே நின்றுவிட்டது, திரும்ப வரவில்லை. தண்ணீர்க் கசிவு உடனே நிற்கவில்லை. இறங்கிய கதவுக்கு ஏற்றபடி ரப்பர் நசுங்கிப் பழகியிருந்ததால் அதையும் மாற்றிய பிறகே நின்றது. சாத்தும்போது லேசான உரசல் கொஞ்ச நாள் இருந்தது. கொக்கியின் மேலிருந்த பிளாஸ்டிக் உறை தேய்ந்துபோயிருந்தது, அதை மாற்றியதும் அதுவும் போனது. ஆகவே பின், புஷ் மட்டும் போட்டால் எல்லாம் புதுசு போல ஆகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பராமரிப்பு என்றால் எண்ணெய்தான். துரு இளக்கும் ஸ்ப்ரேயைக் கீலுக்குத் தொடர்ந்து அடிப்பவர்கள் நிறைய. அது மெல்லிய எண்ணெய், உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டுத் தானும் காய்ந்துவிடும். நான் பின்னின் தலையில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, கதவை நாலைந்து முறை ஆட்டி, வழிந்ததைத் துடைத்துவிடுகிறேன். துடைக்காவிட்டால் தூசி ஒட்டி அரைக்கும். திறந்த கதவின் மேல் கையை ஊன்றி எழும் பழக்கத்தையும் வண்டியில் ஏறும் எல்லோரிடமும் சொல்லி நிறுத்திவிட்டேன்; உடம்பு எடை முழுவதும் கீலின் மேல்தான் இறங்குகிறது.

பொருள் வாங்கும்போது பின்னையும் புஷ்ஷையும் செட்டாக, மேல் கீழ் இரண்டு கீலுக்கும் சேர்த்தே வாங்குங்கள். தேய்ந்த பின்னில் புதுப் புஷ் போட்டால் முதல் நாளே ஆட்டம் இருக்கும். மேல் கீலை மட்டும் மாற்றினால் கீழே இருக்கும் ஆட்டத்தால் கதவு மறுபடி சாயும்.