312 மணி நேரத்தில் நின்ற என்ஜின்: என் டிராக்டரின் மூன்றாண்டு அனுபவம்

மன்னார்குடிக்குத் தெற்கே எனக்கு இருப்பது பதினைந்து மா, அதாவது சுமார் ஐந்து ஏக்கர் நிலம். அதற்கு மட்டும் என்றால் சொந்த டிராக்டர் தேவையில்லை. அக்கம்பக்கத்தாருக்கு வாடகை உழவு ஓட்டித்தான் தவணை கட்ட வேண்டும் என்ற கணக்கில், 2022 நவம்பரில் 45 குதிரைத்திறன் கொண்ட வண்டி ஒன்றை வாங்கினேன். இரண்டு ஆண்டு அல்லது 2,000 மணி நேரம், இதில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. 50 மணி நேர சர்வீஸும் 250 மணி நேர சர்வீஸும் டீலரிடமே முடிந்தன.

2023 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்ததும் குறுவைச் சேற்றுழவு தொடங்கியது. அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, இரண்டாம் சால் ஓடிக்கொண்டிருந்தபோது வெப்பமுள் சிவப்பைத் தொட்டது, உடனே நிறுத்திவிட்டேன். என்ஜின் ஆறிய பின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோது, கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், ஆடை படிந்த பால் டீயைப் போல வெளுத்துக் குழம்பியிருந்தது. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. என்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரில் அப்போது 312.

அதற்குப் பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இருந்ததும், வயலிலிருந்து இழுத்துச் செல்லும் முன்பே படங்கள் எடுத்ததும்தான் பின்னால் என்னைக் காப்பாற்றின. வாட்டர் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் கெட்டால் கூலன்ட் அதன் வழியாகத்தான் கசியும். அந்தத் துளைக்குக் கீழே பச்சைக் கறை கோடு போல இறங்கி, காய்ந்து படிந்திருந்தது. அதையும், சேறோ பதரோ அடைக்காத ரேடியேட்டரையும், ஹவர் மீட்டரையும் நேரம் பதிவாகும்படி கைப்பேசியில் எடுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் டீலரின் சர்வீஸ் மேலாளர், “ரேடியேட்டர்ல சேறு அடைச்சு ஹீட் ஆயிருக்கு சார், இது வாரண்டில வராது” என்றார். நான் வாக்குவாதம் செய்யவில்லை; மறுப்புக்கான காரணத்தை ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி மட்டும் கேட்டேன். எழுதித் தர அவர் தயங்கினார். அன்று மாலையே படங்களையும் சர்வீஸ் ரசீதுகளையும் இணைத்து, டீலருக்கும் நிறுவனத்தின் மண்டல அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். வாடகைக்கு ஓட்டும் வண்டி என்பதால் நான் நுகர்வோர் ஆக மாட்டேன் என்றும் ஒரு பேச்சு வந்தது. அது சரியல்ல. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வண்டி விலை ஐந்து லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய்தான். இதையும் மின்னஞ்சலில் குறிப்பிட்டிருந்தேன்.

நிறுவனத்தின் பொறியாளர் வந்து, என் முன்னிலையில் பம்பைக் கழற்றிப் பார்த்து, கூலன்ட் கசிந்து என்ஜின் சூடேறியது சீல் பழுதால்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைச் சமன்படுத்தி, அதன் அடியிலுள்ள கேஸ்கெட்டை மாற்றித் தருவதாக மட்டுமே சொன்னார்கள். அங்கிருந்த மெக்கானிக் தம்பி ஒருவர் தனியாக அழைத்து, “ஆயில்ல தண்ணி கலந்து ஓடியிருக்கு, சம்ப்பைக் கழட்டி பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கண்ணே” என்றார். அந்த நல்ல மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றியபோது பேரிங் ஓடுகளில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் அளவுக்குக் கீறல்கள் இருந்தன. கிராங்க் ஷாப்ட், பிஸ்டன்களோடு சேர்ந்த புதிய என்ஜின் பிளாக்கை வரவழைத்துப் பொருத்தினார்கள். மொத்தம் 41 நாட்கள்.

உதிரிபாகத்துக்கும் கூலிக்கும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் குறுவை வாடகை முழுவதும் போயிற்று. வருமான இழப்பை வாரண்டி ஏற்காது என்று கையேட்டில் அச்சிட்டே இருக்கிறது. வாங்கும்போது அந்தப் பக்கத்தை நான் புரட்டிப் பார்க்கவில்லை. அரையாண்டுத் தவணையை நகையை அடகு வைத்துக் கட்டினேன். சம்பாவில் ஈடுகட்டலாம் என்றிருந்தால், அந்த ஆண்டு அக்டோபரிலேயே அணையை மூடிவிட்டார்கள்.

இப்போது ஹவர் மீட்டர் 1,860ஐக் காட்டுகிறது. சேற்றுழவில் மணிக்கு நான்கரை லிட்டர் டீசல் பிடிக்கிறது, ஆயில் குறைவதில்லை, 1,400இல் கிளட்ச் பிளேட் மாற்றியதைத் தவிர வேறு செலவில்லை. வண்டியைப் பொறுத்தவரை எனக்கு மனக்குறை இல்லை. மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய முடிவை மூன்று வாரம் இழுத்ததுதான் இன்றும் ஆறவில்லை.

என்ஜின் எண் பொறித்த பிளாக்கே மாறியதால் அந்த எண்ணும் மாறிவிட்டது. டீலர் இதை என்னிடம் சொல்லவே இல்லை. காப்பீட்டைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. நிறுவனத்திடம் கடிதம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் புதிய எண்ணைப் பதியவைத்து, அதன் பிறகே காப்பீட்டையும் திருத்தினேன்.