தாஜ்மகால்: மூன்று மணி நேர டிக்கெட்டை முழுசாகப் பயன்படுத்த ஒரு விமர்சனம்

தாஜ்மகாலின் 50 ரூபாய் டிக்கெட்டுக்கு ஆயுள் மூன்று மணி நேரம். 2018-இல் வந்த கட்டுப்பாடு இது. நேரம் தாண்டினால் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். மூன்று மணி நேரம் போதுமா என்று கேட்டால், தாராளமாகப் போதும். இருந்தும் ஆக்ரா போய்த் திரும்புகிறவர்களில் பலரும் "ஒரே கூட்டம், ஒரே வெயில், போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்" என்றுதான் சொல்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வாசல், கையில் என்ன பை என்ற நான்கையும் முன்கூட்டியே முடிவு செய்யாததன் விளைவு அது.

முதலில் நாள். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும். அன்று மசூதியில் தொழுகைக்கு மட்டுமே அனுமதி. தெரிந்த விஷயம்தான் என்றாலும், டெல்லி–ஆக்ரா–மதுரா பேக்கேஜ் எடுக்கிறவர்கள் பட்டியலில் ஆக்ரா எந்தக் கிழமையில் விழுகிறது என்று பார்க்காமல் பணம் கட்டிவிடுகிறார்கள். சனி, ஞாயிறும் நீண்ட விடுமுறை நாட்களும் நெரிசல். செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைப் பிடியுங்கள். ஷாஜகானின் உர்ஸ் என்னும் நினைவுநாள் விழா இஸ்லாமிய நாட்காட்டியின் ரஜப் மாதத்தில் மூன்று நாள் நடக்கும். அப்போது நுழைவு இலவசம், கீழறையில் இருக்கும் உண்மையான சமாதிகளையும் திறந்து வைப்பார்கள். அதைப் பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால் போகலாம். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு அந்த மூன்று நாளும் ஏற்றவை அல்ல.

டிக்கெட்டில் இரண்டு அடுக்கு உண்டு. 50 ரூபாய் கட்டினால் வளாகம், தோட்டம், மசூதி, யமுனைப் பக்கத் தளம் எல்லாம் பார்க்கலாம். வெள்ளைப் பளிங்கு மேடையில் ஏறிக் கல்லறை மண்டபத்துக்குள் போக இன்னொரு 200 ரூபாய். இந்தக் கூடுதல் டிக்கெட் 2018 டிசம்பரில் வந்தது. அதை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தாஜ்மகாலின் உண்மையான வேலைப்பாடு பளிங்கில் பதித்த கல்லில் இருக்கிறது. அதை ஒரு முழ தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். கீழே நின்றால் தெரிவது வெளிவடிவம் மட்டுமே. வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாயும் மண்டபத்துக்கு 200 ரூபாயும். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் சார்க் நாட்டினர் என்பதால் அவர்களுக்கு 540 ரூபாய் என்ற தனிக் கட்டணம். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தால் இந்தியக் கட்டணத்திலேயே போகலாம். அட்டையை அறையில் விட்டுவிட்டு வந்து கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எந்த நாட்டவராயினும் இலவசம்.

டிக்கெட்டை இந்தியத் தொல்லியல் துறையின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே எடுங்கள். அந்தப் பெயரைப் போலவே தோன்றும் தனியார் தளங்கள் தேடலில் முன்னால் வரும். "வரிசையில் நிற்க வேண்டாம்" என்று சொல்லிப் பல மடங்கு வசூலிப்பார்கள். ஆன்லைன் டிக்கெட் எடுத்தால் கவுண்டர் வரிசையில் நிற்பது மட்டும்தான் தவிரும். சோதனை வரிசையில் எல்லோரும் நின்றே ஆக வேண்டும், அதைத் தாண்டிக் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வாசலைப் பொறுத்தவரை மேற்கு, கிழக்கு இரண்டில் ஒன்று. தெற்கு வாசல் வழியாக இப்போது நுழைய முடியாது. பெட்ரோல், டீசல் வண்டிகள் 500 மீட்டருக்கு அப்பாலேயே நின்றுவிடும்; புகையும் கரியும் பளிங்கை மஞ்சளாக்குகின்றன என்பதால் வந்த தடை. கிழக்குப் பக்கம் வண்டி ஷில்ப்கிராம் நிறுத்தத்தில் நிற்கும்; அங்கிருந்து பேட்டரி கார், சைக்கிள் ரிக்‌ஷா, அல்லது நடை. ரயிலிலிருந்தோ ஆக்ரா கோட்டையிலிருந்தோ வருகிறவர்களுக்கு மேற்கு வாசல் கிட்டம். 2024 மார்ச்சில் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் 'தாஜ்மகால்', 'ஆக்ரா கோட்டை' இரண்டும் ஒரே பாதையில் வருகின்றன. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

நேரம் அதிகம் வீணாவது சோதனை வரிசையில். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை. குடும்பமாகப் போனால் இரண்டாகப் பிரிவீர்கள். டிக்கெட் ஒருவர் போனிலேயே இருந்தால் மற்றவர் மாட்டிக்கொள்வார். ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, மிட்டாய், புகையிலை, லைட்டர், தீப்பெட்டி, கத்தி, டிரைபாட், சார்ஜர், ஹெட்போன், ட்ரோன் எதுவும் உள்ளே போகாது. ரயிலில் கட்டி வந்த முறுக்குப் பொட்டலமும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். லாக்கர் உண்டு. ஆனால் பெட்டியை வைத்து, எடுத்து, மறுபடி வரிசையில் நின்று என்று காலை வெளிச்சம் போய்விடும். தண்ணீர் பாட்டில், போன், சின்ன கேமரா, பர்ஸ், அடையாள அட்டை, இவ்வளவு போதும்.

இனி வெளிச்சம். "விடியற்காலையில் போங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள், எந்த மாதத்தில் என்று சொல்வதில்லை. கட்டடத்தின் முகப்பு தெற்கு நோக்கியது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் பகல் முழுக்க முகப்பில் வெயில் விழும். தடாகக் கரையில் நிற்கும் உங்களுக்குச் சூரியன் முதுகுப் பக்கம். மே, ஜூனில் சூரியன் வடகிழக்கில் உதிப்பதால் விடியலில் முகப்பு நிழலிலேயே இருக்கும். கூட்டம் குறைவு, காற்று குளிர்ச்சி என்பதற்காக அப்போதும் விடியல்தான் நல்லது. ஆனால் பொன்னிற முகப்பை எதிர்பார்க்காதீர்கள். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை மூடுபனி. சில நாட்களில் பிரதான வாசலைத் தாண்டியதும் எதிரே வெறும் வெண்மைதான் இருக்கும், மூன்று மணி நேரமும் அதற்கே போய்விடும். அந்த மாதங்களில் பதினொரு மணிக்கு மேல் நுழைவதே புத்திசாலித்தனம். பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் எங்கள் தேர்வு. அக்டோபர் கடைசியும் பரவாயில்லை; தீபாவளிக்குப் பிறகு வட இந்தியாவில் தூசு மண்டலம் கவிந்துவிடும்.

திறப்பது சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு, மூடுவது அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பு. திறக்கும் நேரத்துக்கே போனால் எல்லோரும் செய்வதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். பிரதான வாசலைத் தாண்டியதும் கூட்டம் மொத்தமும் அங்கேயே நின்று படம் எடுக்கும். பிறகு 1992-இல் இளவரசி டயானா உட்கார்ந்த பளிங்கு பெஞ்சைச் சுற்றி நிற்கும். நீங்கள் நிற்காமல் நேரே கல்லறைக்கு நடந்துவிடுங்கள். செருப்புக்கு மேல் உறை மாட்டி மேடை ஏறினால், உள்ளே பத்துப் பேர்கூட இல்லாத சில நிமிடங்கள் வாய்க்கலாம். ஒன்பது மணிக்குப் பிறகு அதே மண்டபத்தில் காவலர்கள் "நடங்கள், நடங்கள்" என்று நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். ஆளில்லாத தடாகப் படம்தான் முக்கியம் என்பவர்கள் மட்டும் முதலில் அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே காலையில் கிடைக்காது.

உள்ளே படம் எடுக்கத் தடை. கண்ணுக்கு வேலை கொடுங்கள். நடுவில் மும்தாஜின் கல்லறை, அச்சு பிசகாமல் மையத்தில். அதன் மேற்கே ஷாஜகானுடையது, சற்றே பெரியது. இத்தனை சமச்சீரான வளாகத்தில் சமச்சீர் உடையும் இடம் அது ஒன்றுதான். இரண்டாவது கல்லறைக்கு இடம் திட்டமிடப்படவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும். இரண்டையும் சூழ்ந்து எண்கோணப் பளிங்குச் சல்லடைத் தடுப்பு. கண்ணில் படுபவை மேலடையாளக் கல்லறைகள், உடல்கள் கீழறையில். தடுப்பின் சட்டங்களில் ஓடும் பூங்கொடிகளைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரே இதழுக்குள் பல துண்டுக் கற்கள், நிறம் மாறுவதே தெரியாத இணைப்பு.

வெளியே வந்ததும் முகப்பு வளைவைச் சுற்றி ஓடும் குர்ஆன் வாசகங்களை அண்ணாந்து பாருங்கள். அடியிலும் உச்சியிலும் எழுத்து ஒரே அளவாகத் தெரியும். உயரே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருப்பதால் கிடைக்கும் தோற்றம் அது. எழுதியவர் அமானத் கான், தன் பெயரையும் பொறித்திருக்கிறார். நான்கு மினார்களும் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். மேடையின் ஓரத்தில் நின்று ஒன்றின் விளிம்பை மண்டபச் சுவரோடு ஒப்பிட்டால் தெரியும். அடிச்சுவரில் புடைப்பாகச் செதுக்கிய பூச்செடிகளை அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை. எங்களுக்கு அந்த வளாகத்திலேயே மிகவும் பிடித்தவை அவைதான்.

பிறகு மேற்கே மசூதி. அதன் முகப்பு கிழக்கு நோக்கியதால் காலை வெயில் நேராக விழுந்து செங்கல் நிறம் கனலும். அதன் வளைவுக்குள் நின்று தாஜைப் பார்ப்பது நல்ல கோணம். கிழக்கே அதற்கு இணையாக நிற்கும் கட்டடம் மாலையில் அதே வேலையைச் செய்யும். திரும்பும் வழியில் தோட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. இருபது நிமிடம் ஒதுக்கலாம்.

கோடையில் மதியம் போகவே வேண்டாம். செம்மணற்கல் தளம் காலைச் சுடும், தோட்டத்தில் நிழல் போதாது. வாசலிலிருந்து கல்லறை வரை போக வர நடை, மேடைக்கு ஏறும் குறுகிய படி என்று முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சிரமம். அவர்களை மசூதிப் பக்கத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு ஏறலாம். குரங்குகள் உண்டு, பாட்டிலைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

கைடு வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டை கேட்டு, கட்டணத்தையும் "கடைக்குப் போக மாட்டோம்" என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். தொழிலாளிகளின் கையை வெட்டினார்கள், எதிர்க்கரையில் கறுப்புத் தாஜ் கட்டத் தொடங்கினார்கள் என்ற கதைகள் தவறாமல் வரும், இரண்டுக்கும் ஆதாரமில்லை. பளிங்குக் கடையில் 'மக்ரானா' (ராஜஸ்தானின் பெயர்பெற்ற பளிங்கு) என்று விற்பதில் மாக்கல்லும் கலந்திருக்கும். நகத்தால் அழுத்திக் கீறினால் மாக்கல்லில் கோடு விழும், பளிங்கில் விழாது.

பௌர்ணமி இரவுப் பார்வை பற்றி ஆசையாகக் கேட்பவர்கள் அதிகம். பௌர்ணமியும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாளுமாக மாதம் ஐந்து இரவுகள். வெள்ளியும் ரம்ஜான் மாதமும் கிடையாது. இரவு 8:30 முதல் 12:30 வரை ஐம்பது ஐம்பது பேராக எட்டுக் குழுக்கள், ஒரு குழுவுக்கு அரை மணி. இந்தியப் பெரியவர்களுக்கு 510 ரூபாய், முதல்நாளே எடுத்தாக வேண்டும். கவனிக்க வேண்டியது, நிற்க விடுவது பிரதான வாசலருகே உள்ள செம்மணற்கல் மேடையில்தான். கல்லறைக்குக் கிட்டே போக முடியாது. பகலில் ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்த அமைதி அபூர்வமான அனுபவம். ஒரே ஒரு தடவை வருகிறவர்கள் பகலையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் ட்ரங்கும் ஆக்ரா கன்டோன்மென்ட்டில் விடியலுக்கு முன்பே இறக்கிவிடும். அந்த நேரத்தை நம்பி அன்றைக்கே விடியல் டிக்கெட் எடுக்காதீர்கள். பனிக்காலத்தில் பல மணி நேரம் தாமதமாகும். டெல்லியிலிருந்து ஒரு நாள் பயணம் என்றால் காலை 6 மணி போபால் சதாப்தி. நிஜாமுதீனிலிருந்து 8:10-க்குக் கிளம்பும் கதிமான் 9:50-க்குத்தான் ஆக்ரா சேரும், கூட்டம் முந்திவிடும். முடிந்தால் முந்தின இரவே வந்து தங்குங்கள்.

வெள்ளிக்கிழமையில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. காலையில் இத்மாத்-உத்-தௌலா கல்லறை மாளிகை. தாஜுக்கு முன்பே, 1620-களில் கட்டியது. கல்பதிப்பு வேலை அங்கே கண்மட்டத்தில், கூட்டமே இல்லாமல் பார்க்கக் கிடைக்கும். பிறகு ஆக்ரா கோட்டை. 1658 முதல் 1666-இல் இறக்கும்வரை ஷாஜகான் சிறையிருந்தது அங்கேதான். முசம்மன் புர்ஜ் என்ற கோட்டைக் கோபுரத்தின் பக்கமிருந்து ஆற்று வளைவில் தாஜ் தெரியும். மாலையில் யமுனையின் எதிர்க்கரையில் மெஹ்தாப் பாக் தோட்டம். தாஜின் நடுக்கோட்டுக்கு நேரே அமைந்தது. 1990-களில் அங்கே தோண்டியபோது கறுப்புத் தாஜின் அடித்தளம் எதுவும் கிடைக்கவில்லை, எண்கோணக் குளம்தான் வெளிப்பட்டது. ஆற்றைச் சுற்றிப் பாலம் வழியாகப் போக வேண்டும், சூரியன் மறைந்ததும் மூடிவிடுவார்கள். கோட்டையிலிருந்து நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.