செஞ்சிலுவைச் சங்கத்தின் உறவு தேடும் சேவை: பாதி வேலை படிவத்தில்

போரில் பிரிந்த உறவினரைத் தேடச் சிங்கப்பூரில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். டோபி காட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், பினாங்கு லேனில் இருக்கும் சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம் இதை ஏற்று நடத்துகிறது. காசு கிடையாது. யாராவது இதற்குப் பணம் கேட்டால் அவர் இந்தச் சேவையைச் சேர்ந்தவர் அல்லர். நேரில் போகுமுன் தொடர்புகொண்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். சொத்து வழக்குக்கோ வம்சாவளி எழுதவோ இங்கே தேடித்தர மாட்டார்கள்.

இலங்கைப் போரில் காணாமற்போனவர்களைத் தேடுவோர் படிவத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. முதலெழுத்தை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். 'க. யாழினி' என்று எழுதினால் தேட முடியாது. அப்பாவின் முழுப் பெயர், அம்மாவின் முழுப் பெயர், பிறந்த ஊர், வீட்டில் கூப்பிடும் பெயர் எல்லாம் வேண்டும். அதோடு ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் அத்தனையும். யாழினி 'வை'யிலும் தொடங்குவார், 'ஜே'யிலும் தொடங்குவார். நடுவில் 'எல்' வரும், 'இசட்-எச்' வரும். சிங்களத்தில் எழுதிய பதிவேட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் இன்னொரு வடிவம். ஆகவே நான்கைந்து வடிவங்களைத் தனித்தாளில் எழுதி இணையுங்கள். உங்கள் சிங்கப்பூர் அடையாள அட்டையில் 'எஸ்/ஓ' இருந்தால் அதைப் பெயரோடு ஒட்டாமல், தந்தை பெயரைத் தனியாக எழுதுங்கள்.

இலங்கையின் பழைய அடையாள அட்டை எண் கிடைத்தால் பெரிய உதவி. 9 இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது; பிப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணுவார்கள். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 78654 என்று தொடங்கினால் அந்தக் கணக்கில் 1978ஆம் ஆண்டின் 154ஆம் நாளில் பிறந்த பெண். பிறந்த தேதியில் குழப்பம் இருந்தால் இதை வைத்துச் சரிபாருங்கள்.

கடைசியாகக் கண்ட இடம் 'வன்னி' என்று எழுதினால் போதாது. வட்டக்கச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று இடம்பெயர்ந்த வரிசையில், கூடியவரை மாதத்தோடு, கூட இருந்தவர் பெயரோடு எழுதுங்கள். சொந்த ஊர் விதானையார் (கிராம அலுவலர்) பிரிவும் வேண்டும். இயக்கப் பெயர், அதாவது விடுதலைப் புலிகள் இயக்கத்தில் வைத்த பெயர், இருந்திருந்தால், அதை எழுதுமுன் அந்தத் தகவல் யார் கைக்குப் போகும் என்று அதிகாரியிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சாதாரணத் தபாலும் தொலைபேசியும் எட்டாத இடத்துக்குச் செஞ்சிலுவைக் கடிதம் அனுப்பலாம். அது ஒட்டாத, திறந்த தாள். சிறைக்குப் போகும் கடிதத்தைச் சிறை அதிகாரிகளும் படிப்பார்கள். 'அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, தம்பிக்குப் பெண் குழந்தை' என்பது போய்ச் சேரும். ராணுவம், அரசியல் பற்றி ஒரு வரி இருந்தாலும் கடிதம் நின்றுவிடும். கடிதம் பெறுபவருக்கும் அது ஆபத்து.

இந்தச் சேவையின் உண்மையான பலம் சிறைச் சந்திப்புகளில் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு (ஐசிஆர்சி) தன் உதவியை முன்வைக்கலாம் என்கிறது 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3ஆம் பிரிவு. உள்ளே விட வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதில் இல்லை. அனுமதி கிடைத்தால் குழு கேட்பது இவை: எல்லாக் கைதிகளையும் பார்க்க வேண்டும், காவலர் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும், பெயரைப் பதிய வேண்டும், திரும்பவும் வந்து பார்க்க வேண்டும். பெயர் பதிவான கைதியைச் சத்தமில்லாமல் மறைப்பது கடினம். அப்படிப் பதிவானவர் விடுதலைக்குப் பின் தடுப்புக்காவல் சான்றும் கேட்டு வாங்கலாம். பார்த்ததைக் குழு வெளியே சொல்லாது. குடும்பங்களுக்கு இது கோபம் தரும், நியாயமான கோபம்தான். ஆனால் அந்த மௌனத்தால்தான் சிறைக் கதவு திறக்கிறது.

இந்தச் சேவை எங்கே கைவிடுகிறது? குழு இல்லாத இடத்தில். 2009 பிப்ரவரியிலிருந்து காயக்காரர்கள், நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள் எனக் கிட்டத்தட்ட 14,000 பேரைக் குழு முல்லைத்தீவுக் கரையிலிருந்து கப்பல் வழியாக வெளியே கொண்டுவந்தது. மே 9க்குப் பிறகு கப்பல் அந்தக் கரையை அடைய முடியவில்லை. கடைசி நாட்களில் சரணடைந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ள அங்கே குழு இல்லை. அந்த நாட்களில் பிரிந்தவரைத் தேடுவோர் நீண்ட மௌனத்துக்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். இலங்கையில் 16,000க்கும் மேற்பட்டோரைத் தேடும் கோரிக்கைகள் குழுவிடம் பதிவாகியுள்ளன.

ஆள் கிடைத்தாலும் அவர் சம்மதித்தால்தான் முகவரி தருவார்கள். இது சரியான விதி.

விண்ணப்பம் கொடுத்ததும் கோப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீடு மாறினாலும் கைப்பேசி எண் மாறினாலும் அன்றே தெரிவியுங்கள். தேடுபவர் வயதானவர் என்றால், பிள்ளைகளில் ஒருவரையும் தொடர்பாளராகப் பதியச் சொல்லுங்கள்.